எந்த வழியாக எல்லை தாண்டுவது

புதுவாயல் கூட்டுரோட்டுப் பக்கத்திலிருந்து ஆந்திராவுக்குச் சுற்றுலா போன யாராக இருந்தாலும், திரும்பி வரும்போது திருமலைக்கு ஒரு போன் போடாமல் இருக்க மாட்டார்கள். போகும்போது யாரும் கேட்பதில்லை. போகிற உற்சாகத்தில் எந்த வழியில் விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். திரும்பும்போதுதான் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தூங்கும், பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், எப்போதடா எல்லை தாண்டி வீட்டில் போய்க் காலை நீட்டுவோம் என்று இருக்கும். அப்போது திருமலையின் நினைப்பு வரும்.

"அண்ணே, நெல்லூர்லேர்ந்து வந்துக்கினு இருக்கோம். எந்தப் பக்கமா வரட்டும்?"

திருமலை உடனே பதில் சொல்லிவிட மாட்டார். இன்னா வண்டி, எத்தினி பேரு, நாஷ்டா ஆச்சா என்று விசாரணை நடக்கும். நாஷ்டா ஆகாதவனை ஊத்துக்கோட்டை வழியாக அனுப்பக் கூடாது என்பது அவர் கட்சி. அங்கே கடைத்தெரு குறுகல். பசியோடு வருகிறவன் ஓட்டலைப் பார்த்ததும் வண்டியைக் குறுக்கே நிறுத்தி ஊரையே பேஜார் பண்ணிவிடுவான். ஆரம்பாக்கம் வழி பெரிய ரோடுதான், ஆனால் லாரிக்காரர்கள் ராஜ்ஜியம். பொறுமை உள்ளவனுக்கு மட்டும். நகரி, திருத்தணி வழி நல்ல சுற்று, ஆனாலும் மாமியாரோடு வருகிறவனுக்கு அதுதான் சரி. வழியில் முருகனைக் காட்டிச் சமாதானப்படுத்தலாம். இப்படி ஒவ்வொரு எல்லைக்கும் அவரிடம் ஒரு ஜாதகம் இருந்தது.

சத்தியவேட்டு வழி என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும், "அது ரோடு சரியில்லப்பா" என்று முடித்துவிடுவார். சத்தியவேட்டிலிருந்து கவரப்பேட்டைக்கு வரும் அந்த ரோடு போட்டுப் பல வருஷம் ஆகிறது. கார்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் தெரியும், அதனால் யாரும் மேலே பேசுவதில்லை.

திருமலைக்குப் புதுவாயலை ஒட்டி நெல் கழனி உண்டு. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் ஷிப்ட் வேனைப் பல வருஷம் ஓட்டியவர். இப்போது கழனி மட்டும்தான். வேன் ஓட்டிய கைக்குச் சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய ஆம்னி வாங்கி வைத்திருக்கிறார். பேச்சில் கெட்டிக்காரர், கோபத்தில் அவசரக்காரர், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டால் அதைச் சொல்லத் தெரியாதவர். அவர் மனைவி சம்பூர்ணம் சத்தியவேட்டு ரோட்டோரம், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். அங்கே அவளுக்கு ஒரே ஒரு தம்பி, வரதன். அம்மா கழனி வேலைக்குப் போய்விட, அக்காதான் அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள். கல்யாணமாகி அவள் எல்லை தாண்டி வந்தபோது வண்டிக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடி வந்தவன் அவன்.

சம்பூர்ணத்துக்குப் பெண் பிறந்தது. தேவதர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். ஒரு வயதில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. வரதன் அப்போதுதான் மீசை முளைத்த பையன். மாமன் சீர் என்று ஊரே பார்க்கும்படி தட்டுகள் வைத்து, டெம்போ பிடித்து, சத்தியவேட்டு ரோட்டில் நேராக வந்துவிடுவதாக இருந்தான். அந்த வருஷம் மழைக்குத் தரைப்பாலம் அரித்துக் கிடந்தது. அது தெரிந்த திருமலை முந்தின நாளே சத்தியவேட்டு டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டுச் சொல்லி அனுப்பினார். "அந்த வழியா வராதே. தடா போய் ஆரம்பாக்கம் வழியா வா. பெரிய ரோடு, ஜோரா வந்துடலாம்."

மறுநாள் காலையில் அந்தப் பெரிய ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து, எறும்பு போகக்கூட வழியில்லாமல் அடைத்துக்கொண்டது.

வீட்டில் நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. ஆசாரி அவசரப்பட்டார், பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் பொறுங்க, என் தம்பி வந்துடுவான்" என்று சம்பூர்ணம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். திருமலைக்குத் தன் சொந்தக்காரர்கள் முன்னால் மானம் போகிற மாதிரி இருந்தது. பெரியப்பா மகன் குப்புராஜைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குழந்தையை அவன் மடியில் கொடுத்துவிட்டார். மாமன் உட்கார வேண்டிய இடத்தில் பங்காளி உட்கார்ந்தான். இப்படி ஒரு தப்பை அசலூர்க்காரன் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். திருமலை தெரிந்தே செய்தார்.

பந்தி முடிகிற நேரத்துக்கு வரதன் வந்தான். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. குழந்தையின் காதில் மஞ்சளும் ரத்தமும் காய்ந்திருப்பதைப் பார்த்தான். தட்டுகளைப் பந்தலிலேயே வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, வாசல்படி மிதிக்காமல், அதே டெம்போவில் திரும்பிப் போய்விட்டான்.

அன்று ராத்திரி சம்பூர்ணம் புருஷனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஒரு நாழி பொறுத்திருக்கலாம்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் திருமலை சண்டை போட்டு ஆறியிருப்பார். அவள் திட்டாததுதான் அவரை இருபது வருஷத்துக்கு மேல் அரித்துக்கொண்டிருந்தது. எல்லை தாண்டுவதில் அவர் பெரிய ஆளானது அந்த நாளிலிருந்துதான். இனி ஒருத்தனுக்கும் தப்பான வழி சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு ரோட்டையும் போய்ப் பார்த்தார், பார்த்தவர்களைக் கேட்டார். சத்தியவேட்டு ரோட்டில் வண்டியைத் திருப்ப மட்டும் கை வரவில்லை.

சமாதானம் பேச இரண்டு தடவை பஸ்ஸில் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை வரதன் கதவைச் சாத்திக்கொண்டான். இன்னொரு தடவை, அவனுக்குக் கல்யாணமான பிறகு, அவன் மனைவி கெங்கம்மாள் தண்ணீர் கொடுத்து, "அவரு கழனிக்குப் போயிருக்காரு" என்றாள். அவன் சைக்கிள் வாசலிலேயே நின்றது. சம்பூர்ணமோ, "எங்கூட்டு வாசல் மிதிக்காம போனவன் வாசலை நான் எதுக்கு மிதிக்கணும்" என்று ஒரு கோபத்தில் சொல்லிவிட்டாள். கோபம் எப்போதோ போய்விட்டது. சொன்ன சொல் மட்டும் நின்றுவிட்டது. சந்தையில் சத்தியவேட்டுப் பக்கத்து ஆள் யாரைப் பார்த்தாலும், அந்தப் பக்கம் மழை உண்டா, நெல்லு எப்படி என்று கேட்பாள். தம்பி பெயரைச் சொல்ல மாட்டாள். அவள் விசாரிப்பது மழையை இல்லை என்று பக்கத்தில் நிற்கும் திருமலைக்குத் தெரியும்.

இந்த வருஷம் தேவதர்ஷினிக்குச் செவ்வாப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்து வருவது தாய்மாமன் வேலை. "அதுக்கு இன்னா, நான் கீறேன் இல்ல" என்று குப்புராஜ் ரொம்பத் தாராளமாகச் சொன்னார். அதைக் கேட்ட சம்பூர்ணம் உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். மகள் கல்யாணத்திலும் தம்பி இல்லாமல் போய்விட்டால், இவள் மனசு இந்த ஜென்மத்தில் ஆறாது என்று திருமலைக்கு அந்தப் பாத்திரச் சத்தத்தில் உறைத்தது.

மே மாதம் மகளுக்குக் கம்பெனியில் லீவு கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று பேருமாக ஒரு சுற்று போய்வருவது என்று ஆம்னியில் கிளம்பினார்கள். தலக்கோனா அருவியில் குளித்தார்கள், திருப்பதி மலை ஏறினார்கள், கடைசியாகப் பெண்ணுக்கு ராகு கேது பூஜை செய்யக் காளஹஸ்தி. சம்பூர்ணம் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அருவியில் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, வண்டிக்குப் பின்னால் ஒரு பையன் ஓடி வர, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தன்னோடு வந்த பெண் திருமலைக்கு ஞாபகம் வந்தாள்.

காளஹஸ்தியிலிருந்து வருகிறபோது வரதய்யபாளையத்தில் ரோடு பிரியும். இடது பக்கம் தடா, ஆரம்பாக்கம். வலது பக்கம் சத்தியவேடு. திருமலை அங்கே வண்டியை நிறுத்தி டீ குடித்தார். டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். நன்றாக இருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்பா, மேப்புல ஆரம்பாக்கம் கிளியரா இருக்குது" என்றாள் தேவதர்ஷினி பின்சீட்டிலிருந்து.

"மேப்புக்கு இன்னா தெரியும்" என்று சொல்லி, திருமலை வலது பக்கம் திருப்பினார்.

சம்பூர்ணம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "இன்னா இந்தப் பக்கம் திருப்பிட்டீங்க?" என்றாள்.

"ரோடு போட்டுட்டானாம்."

"அது போட்டு ரொம்ப நாளாச்சி."

திருமலை கியரை மாற்றினார். அவளே மெல்லச் சொன்னாள். "காளஹஸ்தி போய்ட்டு வர்றோம். நேரா நம்ம ஊட்டுக்குத்தான் போவணும். வேற யார் ஊட்டுலயும் காலு வைக்கக் கூடாது. பொண்ணுக்குப் பூஜை பண்ணிக்கினு வர்றோம், ஞாபகம் வச்சிக்குங்க."

"யார் ஊட்டுக்கும் போவல சம்பூர்ணம். வழிதானே இது. கண்ணால பாத்துக்கினு போவலாம்."

சம்பூர்ணம் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டாள். திருமலைக்கு அது போதுமாக இருந்தது. சத்தியவேடு தாண்டியதும் அவர் வண்டியை மாட்டு வண்டி வேகத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் பக்கமெல்லாம் நவரைப் பட்டத்து அறுவடை முடிந்து, நெல்லை ரோட்டிலேயே காயப் போட்டிருந்தார்கள். பாதி ரோட்டுக்கு நெல், ஓரத்தில் வரிசையாகக் கல். மீதிப் பாதியில்தான் வண்டிகள் போய்வர வேண்டும். சம்பூர்ணத்தின் ஊர் வந்தபோது எதிரே ஒரு பஸ் வந்தது. நெல்மேல் ஏற்றினால் போய்விடலாம். வேறு யாராக இருந்தாலும் ஏற்றியிருப்பார்கள். திருமலை கழனிக்காரர், அடுத்தவன் நெல்மேல் சக்கரம் ஏற்ற மனசு வராமல் ஓரமாக நிறுத்திவிட்டார்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஆள், தூரத்திலிருந்தே கையை வீசினார். "பரவால்ல, ஏத்திக்கினு போ நைனா. ஒண்ணும் ஆவாது."

அந்தக் குரல் கேட்டதும் சம்பூர்ணம் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். பஸ் போன புழுதி அடங்கவில்லை. அந்த ஆளுக்குக் காதோரம் நரைத்திருந்தது, தோள் ஒடுங்கியிருந்தது. அவள் அதையெல்லாம் பார்த்தாளோ இல்லையோ.

"ஏண்டா வரதா, இந்த வெயில்ல கால்ல செருப்புகூட இல்லாம நிக்கிறே?"

வரதன் துண்டை எடுத்தான். அக்காவைப் பார்த்தான். இத்தனை வருஷம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருப்பான். வாயில் வந்தது வேறு. "நெல்லு மேல எப்படிக்கா செருப்போட நடக்கறது?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, சம்பூர்ணம் தன் செருப்பைக் கழற்றிவிட்டு நெல்மேல் நடந்து அவனிடம் போனாள். அவன் கன்னத்தைத் தொட்டாள். "இப்படி எளச்சிட்டியேடா" என்றாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் அழுகைதான் வந்தது. திருமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இறங்குவதற்குப் பயமாக இருந்தது.

சத்தம் கேட்டு ரோட்டோர வீட்டிலிருந்து கெங்கம்மாள் ஓடி வந்தாள். "உள்ள வாங்க அண்ணி, வெயில்ல நிக்கறீங்களே" என்று கையைப் பிடித்து இழுத்தாள். வரதனும், "வா அக்கா" என்றான்.

சம்பூர்ணம் நின்றுவிட்டாள். "வரக் கூடாதுடா. காளஹஸ்தி போய்ட்டு வர்றோம். பொண்ணுக்குப் பூஜை."

வரதனின் முகம் மாறியது. "அப்படியா. வர்றதுக்கு எத்தினியோ நாள் இருந்துச்சி. வர முடியாத நாளாப் பாத்து வந்திருக்கே."

உள்ளே போனால் மகளுக்குச் செய்த பூஜைக்குக் குறை. போகாவிட்டால் தம்பி மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வான், இந்த முறை அதற்கு முடிவே இருக்காது. கையைப் பிசைந்துகொண்டு அவள் நிற்பதைப் பார்த்ததும் திருமலை பயத்தை மறந்து இறங்கினார். அவரும் செருப்பைக் கழற்றினார்.

"அவ வரல மச்சான். நான்தான் இட்டாந்தேன். அன்னிக்குத் தப்பான வழி சொன்னதும் நான்தான், இன்னிக்குத் தப்பான நாள்ல இட்டாந்ததும் நான்தான்." ஓரடி கிட்டே போனார். "வழி தப்பினது கூடப் பரவால்ல. ஒரு நாழி பொறுத்திருக்கணும். அவ சொன்னா, நான் பொறுக்கல. உன் எடத்துல இன்னொருத்தனை ஒக்கார வச்சிட்டேன்."

வரதன் அவரைப் பார்க்கவில்லை. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"நாங்க உங்க ஊட்டுல காலு வைக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார் திருமலை. "நீ எங்க ஊட்டுக்கு வர்றதுக்குத் தடை ஒண்ணும் இல்லியே. நேரா ஊட்டுக்குத்தான் போறோம். வண்டியில ஏறு மச்சான்."

வரதன் ரோட்டில் பரப்பிக் கிடந்த நெல்லையே பார்த்தான். "நெல்லு கெடக்குது" என்றான்.

விவசாயிக்கு விவசாயி பேச்சுப் புரியும். மாட்டேன் என்பவன் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பான். திருமலை வேட்டியை மடித்துக் கட்டினார். "சாக்கு எங்கே கீது கெங்கம்மா?" என்று கேட்டார்.

நல்ல வெயில். சம்பூர்ணம் சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள, திருமலையும் வரதனும் பலகையால் நெல்லைக் கூட்டிக் குவித்தார்கள். பூஜைக்குக் கட்டிய பட்டுப் பாவாடை தாவணியோடு தேவதர்ஷினி முறத்தால் அள்ளிப் போட்டாள். மாமன் என்று ஒருவர் இருப்பது தெரியும், பார்த்ததில்லை. அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்ப்பதும், அவர் இவள் காதில் ஆடும் ஜிமிக்கியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிவதுமாக இருந்தது. கெங்கம்மாள் ரோட்டுக்கே மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மூட்டைகளை வாசலில் அடுக்கி முடித்ததும், "நான் நெல்லைப் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்று புருஷனுக்குச் சட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

ஆம்னியின் பின்சீட்டு முழுக்க லட்டுப் பையும் துணி மூட்டையும் தலக்கோனாவில் வாங்கிய மூங்கில் கூடையுமாக இருந்தது. வரதன் கதவருகே தயங்கி நின்றான். "எடமே இல்லியேம்மா. நான் வேணா பஸ்ல வரட்டுமா?"

"ஏறுங்க மாமா" என்றாள் தேவதர்ஷினி. "எடம் பத்தலன்னா நான் உங்க மடியில ஒக்காந்துக்கறேன். அது என் எடம்தானே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். முன்சீட்டில் சம்பூர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வரதன் ஏறி உட்கார்ந்து, மூங்கில் கூடையை வாங்கி மடியில் வைத்து, அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வண்டி கிளம்பி ரொம்ப தூரம் வரைக்கும் அந்தக் கூடையை அவன் கீழே வைக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு ரோடு பிரிந்தது. அப்படிப் போனால் கொல்கத்தா ரோட்டைப் பிடித்துவிடலாம். நேராகப் போனால் கவரப்பேட்டை. ஊருக்கெல்லாம் வழி சொல்கிற திருமலை அங்கே வண்டியின் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

"எந்த வழியா போவலாம் மச்சான்?"

"அன்னிக்கு நான் வர இருந்த வழியிலயே போவலாம் மாமா" என்றான் வரதன்.

திருமலை நேராகவே விட்டார். அரித்துக் கிடந்த தரைப்பாலம் இருந்த இடத்தில் இப்போது நல்ல பாலம் இருந்தது. அதைத் தாண்டினால் தெலுங்கில் ஒரு போர்டு, பிறகு தமிழில் ஒரு போர்டு. லாரி இல்லை, கூட்டம் இல்லை. எல்லை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இவ்வளவு சுலபமான வழியை இத்தனை வருஷம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. சம்பூர்ணம் சந்தையில் கேட்ட கேள்விகளையெல்லாம் இப்போது தம்பியிடமே கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் மழை உண்டா, நெல்லு எப்படி.

வீடு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். சம்பூர்ணம் பூட்டைத் திறந்து உள்ளே போய், திரும்பிப் பார்த்தாள். வரதன் வாசலில், அன்று பந்தல் போட்டிருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, தட்டு ஒண்ணும் கொண்டாரலியே" என்றான். "வெறுங்கையோட வந்துட்டேன்."

"தட்டெல்லாம் ஆவணிக்குக் கொண்டா" என்றாள் சம்பூர்ணம். "இப்போ உள்ள வாடா. சோறு வடிக்கணும், பசியா இருப்பே."

வரதன் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வாசல்படி ஏறினான்.